நாலு கோடு கிழித்த ஆப்பு

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று தரம் உட்கார்ந்தேன், மூன்று தரமும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். பத்தாம் வகுப்பில் தமிழ் மட்டும் என்னைக் கைவிடவில்லை, மற்ற பாடங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து வெளியே தள்ளிவிட்டன. அந்த ஒரு பாடத்தை நம்பித்தான் இப்போது பேனா பிடித்திருக்கிறேன். யுகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டி வாத்தியத்தைக் கேட்பது எவ்வளவு சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த வாத்தியத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால், அடுத்த வரிக்குள் பவர் பிரஸ் 'தொம்' என்று இறங்கிவிடுகிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் பட்டறை. தகரக் கூரை, மூன்று பிரஸ், பதினோரு ஆள். எண்ணெய் மில்லுக்கும் மாவு மில்லுக்கும் சல்லடைத் தகடு போடுகிறோம். அதாவது நல்ல தகட்டை வாங்கி ஓட்டை போட்டு விற்கிறோம். என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "ஓட்டை போடறதுக்குச் சம்பளம் வாங்கறேனுங்க" என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

என் நண்பனும் அங்கேதான். எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன். பெரிய பிரஸ் அவனுடையது. அவர்கள் தெருச் சர்ச்சில், குழந்தைகள் பாட்டுக்கென்று யாரோ வெளியூர்க்காரர் ஒரு யுகுலேலேயைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். குழந்தைகள் எல்லாம் கீபோர்டு பக்கம் ஓடிவிட்டன. பீரோவுக்கு மேல் தூசி அடைந்து கிடந்ததை இவன் கேட்டு வாங்கி வந்துவிட்டான். பட்டறைக்கு அதை முதல்முதலாக எடுத்து வந்த அன்றைக்கு நான் சும்மா இருப்பேனா?

"ஏன்டா, கிட்டாருக்கு வளர்ச்சி பத்தலையா? தெனமும் சத்துமாவு கரைச்சு ஊத்து. அடுத்த தீவாளி நோம்பிக்குள்ள பெருசாயிரும்."

"உனக்குந்தான் இருவத்திமூணு வருசமா உங்கம்மா ஊத்தறாங்க. என்ன ஆச்சு?" என்றான்.

அவன் அப்படித்தான். நிமிர்ந்து பார்க்காமலே அடிப்பான்.

மத்தியானச் சோற்று நேரத்தில் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்போம். எங்கெங்கேயோ இருக்கிற யுகுலேலேக்காரர்கள். பூப்போட்ட சட்டை போட்ட ஒரு குண்டுத் தாத்தா. அவர் விரல் ஒவ்வொன்றும் செவ்வாழை. அந்த விரலை வைத்துக்கொண்டு நாலு கம்பிக்குள் எப்படி நுழைகிறார் என்று நான் வாயைத் திறந்து பார்ப்பேன், ஈ உள்ளே போய்வரும். இன்னொரு பெண். வாசிக்கும் முன் உள்ளங்கையைப் பாவாடையில் ஒரு தரம் துடைத்துக்கொள்வாள். துடைத்தாள் என்றால் வேகமான உருப்படி வருகிறது என்று அர்த்தம். ஒற்றைக் கட்டைவிரலால் தாளமும் பாட்டும் இரண்டையும் நடத்துகிற ஒல்லி ஆள் ஒருவன். வாசித்து முடித்ததும் வாத்தியத்தின் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுப்பான், கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி. முதலில் கிண்டலுக்குத்தான் பார்த்தேன். பிறகு அவன் இல்லாதபோதும், பஸ்ஸில் போகும்போதும் தனியாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும்.

எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவன் அவன்தான். மேல் கம்பி தடிமனாக, சத்தம் கனமாக இருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? யுகுலேலேயில் அது மெல்லிசு, அதன் குரலும் மேலே. அதனால்தான் மேலிருந்து கீழே தடவினாலும், கீழிருந்து மேலே தடவினாலும் தண்ணீர் சிதறுகிற மாதிரி வருகிறது. வீடியோவை நடுவில் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டுவான்.

"நீ வலது கையவே பாக்கற. அது சும்மா கதவத் தட்டற கை. உள்ள இருந்து பேசறது இடது கைடா."

அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் என் கண் இடது கைக்கே போனது. சுட்டுவிரல் கம்பி எல்லாவற்றையும் படுத்து அமுக்க, மோதிர விரல் எட்டிப் போய் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு வர, சுண்டுவிரல் சும்மா தொங்கிக்கொண்டிருந்து கடைசி நேரத்தில் வந்து விழும். அவனுக்கும் அப்படித்தான். கவிழ்த்த ஆயில் டிரம்மில் உட்கார்ந்து வாசிக்கும்போது, இடது கையின் நாலு விரலும் நாலு தனி ஆள் மாதிரி வேலை செய்யும். அந்தக் கை வாசித்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போய்த் தகட்டைப் பிடிக்கும்.

பெரிய பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய மிஷின். முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பட்டன், உள்ளங்கை அகலத்துக்கு. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே எடுத்து, இரண்டு பட்டனையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற, ஓட்டை போடுகிற பஞ்ச் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே இருக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் வேலை ஆமை வேகத்தில்தான் நகரும். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். இடது பட்டன் அமுங்கியே இருக்கிற மாதிரி ஓரத்தில் ஒரு ஆப்பைச் செருகிவிடுவோம். அப்புறம் இடது கை தகட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும், வலது கை ஒற்றைப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மடங்கு வேகம். முதலாளிக்குத் தெரியக் கூடாது. சூப்பர்வைசர் அண்ணனுக்குத் தெரியும், ஆனால் தெரியாது.

ஆளாளுக்கு ஓர் ஆப்பு உண்டு. பிரஸ்ஸை விட்டு எழுந்தால், உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது. என்னுடையது புளியங்கட்டையில் நானே செதுக்கியது. அவனைச் சீண்டுவதற்காக அதன் மேல் ஆணியால் நாலு கோடு கிழித்து, நடுவில் ஒரு வட்டமும் போட்டு, "இதுதான் எம்பட உக்குலேலே" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவன் மட்டும் ஆப்பு வைக்கவே மாட்டான். அது போதாதென்று இன்னொரு பழக்கமும் அவனிடம் இருந்தது. ஒவ்வொரு தரம் பிரஸ் முன்னால் உட்காரும்போதும், தகட்டை வைக்கும் முன்பு, வலது பட்டனை மட்டும் அமுக்கிப் பார்ப்பான். பஞ்ச் இறங்கக் கூடாது. பிறகு இடது பட்டனை மட்டும் அமுக்கிப் பார்ப்பான். இறங்கக் கூடாது. அதற்கு அப்புறம்தான் வேலை. எனக்கு அது போதாதா?

"ஏனுங்க பாகவதரே, சுருதி சேந்துருச்சுங்களா? கச்சேரிய ஆரம்பிக்கலாங்களா?"

தினமும் சொன்னேன். அவன் அமுக்கும்போதெல்லாம் வாயாலேயே 'ங்ஙொய்ய்' என்று தம்புரா போட்டேன். மற்றவர்களும் சேர்ந்து போட ஆரம்பித்தார்கள். தகடு வாங்க வந்த ஒரு வெளி ஆளுக்கு முன்னாலும் ஒருநாள் போட்டோம். அந்த ஆளும் சிரித்துவிட்டார். அவன் காது சிவந்துபோனது. மறுநாள் உட்கார்ந்தான், நேராகத் தகட்டை வைத்தான், இரண்டு பட்டனையும் அமுக்கினான். அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டான். பத்து நாள் கவனித்தேன். ஒருநாளும் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு யுகுலேலே நிகழ்ச்சி. கேரளாவிலிருந்து ஓர் அம்மா வந்து வாசிக்கிறார். அவர் வாசிக்கும் முன்பு உள்ளூர் ஆள் ஒருவர் இரண்டு உருப்படி வாசிக்க வேண்டும். அந்த உள்ளூர் ஆள் இவன். சர்ச்சில் அல்லாமல், ஆயில் டிரம்மில் அல்லாமல், நாற்காலி போட்டு உட்கார வைத்து ஜனங்கள் அவனைக் கேட்கப் போவது அதுதான் முதல் தரம். இரண்டு மாதமாக அந்த இரண்டு உருப்படியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போக அனுமதி வாங்கியிருந்தான், அதற்குள் காங்கேயம் எண்ணெய் மில் ஆர்டரில் மீதிப் பாதியை முடித்துவிட்டால். காலையில் அவன் ஓரம் தேய்க்கிற வேலையில் இருந்தான். நான் அவன் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். அவனுக்குப் பாரம் குறையட்டும் என்று ஆப்பைச் செருகிக்கொண்டு வெளுத்துக்கட்டினேன். பத்து மணி டீக்குள் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். அப்போதுதான் சூப்பர்வைசர் அண்ணன் வாசலில் இருந்து கூப்பிட்டார்.

"கண்ணு, லோடுமேன் இன்னைக்கு வரலையாமா. காங்கேயத்துக்கு மொதப் பாதி லோடு போவுது, நீ வண்டியில ஏறிக்க. வெரசலா வா, மில்லுக்காரரு சத்தம் போடறாரு."

எழுந்தேன், ஓடினேன், வண்டியில் ஏறினேன். டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு அவன் கேட் வரைக்கும் வந்தான்.

"ஆறு மணிக்குள்ள வந்துருடா. ஆனா மொத வரிசையில மட்டும் உக்காந்துறாத. உன்ற மூஞ்சியப் பாத்தா எல்லாத்தையும் தப்பா அடிச்சுப்போடுவேன்."

"நாந்தான் மொத வரிசை. அழுகற கொழந்தை மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருப்பேன் பாரு."

வண்டி கிளம்பிவிட்டது. சூலூர் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருக்கும். டிரைவர் அண்ணன் வெற்றிலைக்குச் சில்லறை கேட்டார். சட்டைப் பையில் கை விட்டேன். சில்லறை இருந்தது. ஆப்பு இல்லை.

பேன்ட் பையில் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். இருக்காது என்று தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். அது பெரிய பிரஸ்ஸின் இடது பட்டனில், ஓரத்தில், நாலு கோடும் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு இருக்கிறது. அவன் உட்காருவான். ஆப்பு வைக்காத பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இடது கையால் தகட்டை உள்ளே தள்ளுவான். இடது கை வெளியே வரும் முன்பே வலது கை அதன் பாட்டுக்குப் பட்டனுக்குப் போகும். அமுக்கிப் பார்க்கிற பழக்கம்? அதை நான் பத்து நாள் முன்பே சிரித்துச் சிரித்துக் கொன்றுவிட்டேன்.

"என்ன கண்ணு, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கற?" என்றார் டிரைவர் அண்ணன்.

"ஒன்னுமில்லீங்ணா. வெயிலு."

வெயிலே இல்லை. பல்லடம் பக்கம் மேகம் இறங்கி, காற்றாலைக் காற்றாடிகள் எல்லாம் அசையாமல் நின்றன.

அவன் போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லாப் போனும் ஆபீஸ் ரூம் வாசலில் ஒரு மரப்பெட்டியில்தான் கிடக்கும். போன் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் கை போய்விடும் என்று முதலாளி கொண்டுவந்த சட்டம். கிளம்பும்போது என் போனை மட்டும் எடுத்து வந்திருந்தேன். அந்தப் பெட்டிக்குள் என் பெயர் மினுக்கி மினுக்கி அணைவதை நினைத்துப் பார்த்தேன்.

சூப்பர்வைசர் அண்ணனுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

இந்த இடத்தை எழுதத்தான் மூன்று தரம் எழுந்து போனேன். ஒரே வாக்கியம். 'அண்ணா, பெரிய பிரஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க, ஆப்ப எடுக்காம வந்துட்டேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு வரை வந்துவிட்டது. அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். பக்கத்தில் முதலாளி இருந்தால்? வேலை போய்விடும். டிரைவர் அண்ணன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார்.

"சொல்லு கண்ணு, போய்ச் சேந்துட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்ணா. வந்துங்க... பில்லுல மில்லுக்காரருக்கு ரெண்டு காப்பி குடுக்கறதுங்களா, மூணுங்களா?"

இதைத்தான் கேட்டேன். பில் காப்பியைக் கேட்டேன்.

அவர் யோசித்தார். பின்னால் சின்னப் பிரஸ் இரண்டும் 'டக் டக்' என்று ஓடுவது கேட்டது. பெரிய பிரஸ் சத்தம் இல்லை. இன்னும் உட்காரவில்லை, சொல்லிவிடலாம், இப்போது சொன்னால்கூடப் போதும் என்று வாயைத் திறந்தேன். அப்போது கேட்டது. 'தொம்.' ஒரே ஒரு தரம். உடனே யாரோ கத்தினார்கள். ஏதோ கீழே விழுந்து உருண்டது. அடுத்த 'தொம்' வரவில்லை.

"இரு கண்ணு, அங்க என்னமோ..." என்றார் அண்ணன். கட் ஆகிவிட்டது.

திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பல்லடம் தாண்டியும் அடித்தேன், எடுக்கவில்லை. காங்கேயம் நெருங்கும்போது ஒரு மெசேஜ் வந்தது. திறந்தேன். 'ரெண்டு காப்பி.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விரல் போயிருந்தால் இப்படி ஒரு மெசேஜ் அனுப்புவாரா? அனுப்புவார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டும் பில்லைப் பற்றிப் பேசுவார்.

மில்லில் தேங்காய்ப் பருப்பு களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. வெளுப்பு வெளுப்பாக, கவிழ்த்தும் மல்லாத்தியும். எண்ணெய் வாசனை தொண்டையை அடைத்தது. தகட்டை இறக்கி எண்ணி வாங்க ஒரு பெரியவர் வந்தார். டீ வாங்கி எனக்கு ஒரு டம்ளரை நீட்டினார். நீட்டிய இடது கையில் மூன்று விரல்தான் இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"செக்குல போனது கண்ணு. அந்நேரத்துக்குப் பெருசா வலிக்காது. அப்பறந்தான் கூத்து. இல்லாத வெரலு அரிக்கும். எங்க போய்ச் சொறியறது, சொல்லு?"

சிரித்தார். அவர் சொன்னதற்குச் சிரிக்க வேண்டிய ஆள் நான்தான். டீயை அப்படியே களத்து ஓரத்தில் கொட்டிவிட்டேன்.

வண்டி இன்னொரு லோடுக்காக அங்கேயே நின்றுவிட்டது. நான் பஸ் ஏறினேன். அவன் போன் இப்போது 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது. பட்டறை சனிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடும், பட்டறை போனையும் யாரும் எடுக்கவில்லை. அவன் டிரம்மில் உட்கார்ந்து வாசித்ததை ஒருநாள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து வைத்திருந்தேன். இயர்போனை மாட்டி அதைப் போட்டேன். தண்ணீர் சிதறுகிற அந்தச் சத்தம் வந்தது. நாலு விரலும் கண்ணுக்குத் தெரிந்தன. பத்து விநாடிதான் தாங்கியது. பாட்டுக்கு அடியில், தூரத்தில் பெரிய பிரஸ்ஸை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. இயர்போனைப் பிடுங்கிவிட்டேன்.

சிங்காநல்லூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதா, அவன் வீட்டுக்குப் போவதா என்று நின்றேன். எந்த ஆஸ்பத்திரி? அவன் அம்மா கதவைத் திறந்தால் என்ன கேட்பது? எனக்குத் தைரியம் இல்லை. ஆர்.எஸ்.புரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே அவன் இருந்தால் இருக்கிறான். இல்லாவிட்டால் தெரிந்துபோகும்.

ஒரு பட்டுக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் சின்ன ஹால். எழுபது பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். முதல் வரிசையில் இடம் இருந்தது. நான் போய்க் கடைசியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டும் காலி. ஏற்பாடு செய்தவர் மைக்கைப் பிடித்தார்.

"முதல்ல வாசிக்க வேண்டிய தம்பி இன்னும் வந்து சேரலீங்க. போன்லயும் கிடைக்கல. அதனால மேடத்தையே மொதல்ல ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கறோம்."

திரும்பிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், மூக்கில் சரிந்த கண்ணாடி, பருத்திச் சேலை. வாத்தியத்தை இடுப்பில் குழந்தை வைப்பது போல் வைத்துக்கொண்டார். "இது சின்னதுன்னு நினைக்கண்டா, சத்தம் குறைச்சுக் கேட்டா காசு திருப்பித் தராம்" என்று மலையாளம் கலந்து சொன்னதும் ஹால் சிரித்தது. அப்புறம் வாசித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நேரில் கேட்ட வாசிப்பில் அதுதான் பெரியது. முதல் உருப்படி மழை ஆரம்பிக்கிற மாதிரி, ஒரு சொட்டு, நிறுத்தம், இரண்டு சொட்டு. எந்தக் கம்பியில் இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் ஐந்து விரலையும் விசிறி மாதிரி விரித்துத் தடவினார், எழுபது நாற்காலியும் ஒரே மூச்சு விட்டது. இரண்டாவதில் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இடது கை மட்டும் கம்பியைத் தட்ட, வலது கை மடியில் கிடந்தது. ஒற்றைக் கையில் ஒரு பாட்டு! வலது கை சும்மா கதவு தட்டுகிறது என்று அவன் சொன்னது அப்போதுதான் விளங்கியது. அதைப் பார்க்க வேண்டியவன் அவன். அவன் பார்க்காமல் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகு என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் எல்லா விரலும் இருந்தன.

அவர் முடித்து எழுந்தபோது படியில் சத்தம் கேட்டது. அவன் வந்தான். வலது கையில் யுகுலேலே. இடது கை பேன்ட் பைக்குள். முகம் வெளுத்திருந்தது. ஏற்பாடு செய்தவர் ஏதோ கேட்டார், இவன் தலையை ஆட்டினான். நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கையை வெளியே எடுக்கவில்லை. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் யாரோ இருமினார்கள். இன்னும் எடுக்கவில்லை.

எடுத்தான்.

சுட்டுவிரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரல் தெரியவில்லை. வாத்தியத்தின் கழுத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு தெரியவில்லை. அவன் வாசிக்க ஆரம்பித்தான். நான் பாட்டைக் கேட்கவில்லை. அந்தச் சுண்டுவிரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டு போன பிறகு, தொங்கிக்கொண்டிருந்தது மேலே எழும்பி, மெல்லிசான அந்த மேல் கம்பியில் வந்து விழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதற்கப்புறம்தான் காதே திறந்தது. நன்றாக வாசித்தான். அந்த அம்மா அளவுக்கு இல்லை. ஆனால் அவர் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அவன் வரும் வரை நின்றேன். வந்தான். பேன்ட் பையில் இருந்து அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டான். நாலு கோடு. நடுவில் வட்டம். ஒரு முனை நசுங்கியிருந்தது.

"ஏன்டா லேட்டு?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மொதலாளி வந்துட்டாரு. மூணு மிஷினையும் கழட்டி மாட்டச் சொல்லிப்போட்டாரு. போன்ல சார்ஜும் இல்ல."

"என்னடா ஆச்சு?"

"ஒத்தப் பட்டன்தான் அமுத்துனேன். எறங்கிருச்சு. பயத்துல கையில இருந்த வட்டத் தகட்டக் கீழ போட்டுட்டேன், அது உருண்டு போயி அண்ணன் கால்ல அடிச்சுப்போடுச்சு."

"கை உள்ள...?"

"இல்ல."

"ஆப்பு யாருதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. தெரியாதுங்கன்னேன். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, சர்ச்சுல உக்காந்து இந்தப் பொய்க்கு என்னத்த சொல்றதோ."

பில் காப்பிக் கதையை அப்போதே சொல்லிவிட்டேன். அண்ணன் போனை எடுத்ததையும், நான் வாயைத் திறந்ததையும், திறந்து எதைக் கேட்டேன் என்பதையும். அவன் யுகுலேலேயைப் பையில் வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டினால் நல்லது. அவன் திட்டவில்லை. ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்டேன்.

"அமுத்திப் பாக்கறதத்தான் நீ உட்டுட்டயேடா. இன்னைக்கு மட்டும் எப்படிறா பாத்த?"

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நீ வண்டியேறிப் போயிட்ட, சிரிக்கறதுக்கு ஆளில்லைன்னுதான்டா பாத்தேன்."